‘டூ’ என்னும் ஆங்கில வினைச்சொல்: பொருள், பிறப்பு, வழக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் கற்கும் தமிழர்கள் முதல் வாரத்திலேயே சந்திக்கிற சொல் ‘டூ’. பல ஆண்டுகள் கழித்தும் அவர்களைத் தடுமாற வைக்கிற சொல்லும் அதுதான். ‘டூ என்றால் செய்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. அதன் இலக்கணத்தில் பெரும்பகுதி தமிழ் பேசுகிறவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானது என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பழக்கத்தை எங்கே தேடுவது என்று காட்டத்தான் இந்தப் பக்கம்.

‘டூ’ என்றால் ‘செய்’ தானே?

சில இடங்களில் ஆம். ‘டூ யுவர் ஒர்க்’ என்றால் ‘உன் வேலையைச் செய்’. ஆனால் ‘டூ யூ லைக் காஃபி?’ என்பதில் யாரும் எதையும் செய்யவில்லை. ‘உனக்குக் காபி பிடிக்குமா?’ என்பதுதான் பொருள். அங்கே ‘டூ’வைத் தமிழில் எந்தச் சொல்லாலும் தனியே காட்ட முடியாது. வினாவில் நம்முடைய ‘ஆ’ செய்கிற வேலையில் ஒரு பங்கையும், காலத்தையும் எண்ணையும் காட்டுகிற வேலையையும் அது சேர்த்துச் செய்கிறது.

ஆகவே இரண்டு ‘டூ’ உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தலைமை வினை. அதற்குப் பொருள் உண்டு. மற்றது துணைவினை, அதற்குப் பொருள் இல்லை, பொறுப்பு மட்டுமே உண்டு. ‘வாட் டூ யூ டூ?’ என்னும் கேள்வியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. முதல் ‘டூ’ கேள்வியைத் தாங்குகிறது, கடைசி ‘டூ’ செயலைச் சொல்கிறது. ‘என்ன வேலை பார்க்கிறீர்கள்?’ என்று தொழிலை விசாரிக்கும் கேள்வி அது. இந்த நொடியில் என்ன செய்கிறாய் என்று கேட்க ‘வாட் ஆர் யூ டூயிங்?’ என்றுதான் கேட்க வேண்டும்.

‘டிட் யூ வென்ட்?’ ஏன் தவறு? நடந்து முடிந்ததைத்தானே கேட்கிறோம்?

தமிழர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான். ‘ஐ டிடிண்ட் வென்ட்’, ‘ஷி டிடிண்ட் நியூ’, ‘டஸ் ஹி கோஸ்?’ எல்லாம் ஒரே குடும்பத்துப் பிழைகள். ‘டிட்டுக்குப் பிறகு முதல் வடிவம் வரும்’ என்று பள்ளியில் விதியாக மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். விதி சரிதான். காரணம் தெரியாததால் பேசும்போது நினைவுக்கு வருவதில்லை.

காரணம் தமிழிலேயே இருக்கிறது. ‘நான் போனேன்’ என்பதை மறுத்துச் சொல்லுங்கள். ‘நான் போகவில்லை’ என்கிறீர்கள். ‘போனேனில்லை’ என்று இன்றைக்கு யாரும் சொல்வதில்லை. ஏன்? ‘போனேன்’ என்னும் சொல்லில் இறந்தகாலமும் இருக்கிறது, ‘நான்’ என்பதைக் காட்டும் ‘ஏன்’ விகுதியும் இருக்கிறது. ‘போகவில்லை’யைப் பிரித்தால் ‘போக’வும் ‘இல்லை’யும் வரும். அந்தப் ‘போக’வில் காலம் இல்லை, ஆள் இல்லை. நான் போகவில்லை, அவள் போகவில்லை, அவர்கள் போகவில்லை என்று எல்லாருக்கும் ஒரே வடிவம். மறுப்பு வந்தவுடன் தலைமை வினை தன் அடையாளங்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டது.

ஆங்கிலத்திலும் இதேதான் நடக்கிறது. ‘ஐ வென்ட்’ என்பது ‘போனேன்’ போல, காலத்தைத் தனக்குள் வைத்திருக்கிறது. மறுக்கும்போது ‘கோ’ வெறும் ‘போக’ ஆகிவிடுகிறது. தமிழில் கழற்றி வைத்த காலமும் ஆளும் காணாமல் போய்விடும். ஆங்கிலத்தில் அவை ‘டூ’வின் தலையில் ஏறிக்கொள்ளும். இறந்தகாலம் ஏறினால் ‘டிட்’. ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ ஆகியவற்றுக்குரிய ‘ஸ்’ ஏறினால் ‘டஸ்’. ஒரு சுமையை ஒருவர் தூக்கிவிட்டால் இன்னொருவர் தூக்க வேண்டியதில்லை. ‘டிட் நாட் வென்ட்’ என்பது காதில் ‘போனவில்லை’ என்று விழ வேண்டும். அப்படி விழப் பழகிவிட்டால் பிழை தானாகவே நின்றுவிடும்.

எனவே கற்பிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கேள்வியில் தொடங்காதீர்கள், மறுப்பில் தொடங்குங்கள். தமிழ் வினாவில் ‘போனாயா?’ என்று காலம் வினையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ‘டிட் யூ கோ’வுக்குப் போவது கடினம். ‘போகவில்லை’யிலிருந்து ‘டிடிண்ட் கோ’வுக்குப் போவது ஓர் எட்டு. அங்கிருந்து கேள்விக்கு இன்னோர் எட்டு.

‘ஐ டிட் டெல் யூ’ என்கிறார்களே? மறுப்பும் இல்லை, கேள்வியும் இல்லை. அங்கே ‘டிட்’ எதற்கு?

அழுத்தத்துக்கு. நீங்கள் சொல்லவில்லை என்று எதிரில் இருப்பவர் சாதிக்கிறார். நீங்கள் விடாமல், ‘சொல்லத்தான் செய்தேன், நீங்கள்தான் காதில் வாங்கவில்லை’ என்கிறீர்கள். அந்தச் ‘சொல்லத்தான் செய்தேன்’தான் ‘ஐ டிட் டெல் யூ’.

கொஞ்சம் நின்று பாருங்கள். ‘சொல்ல’ என்பது காலம் காட்டாத எச்சம். ‘செய்தேன்’ காலத்தையும் ஆளையும் தாங்குகிறது. இந்தச் ‘செய்’க்குத் தனிப்பொருள் எதுவும் இல்லை. ‘மழை பெய்யத்தான் செய்கிறது’ என்னும்போது மழை என்ன வேலை செய்கிறது? ஒன்றுமில்லை. பெய்வதை உறுதிப்படுத்துகிறோம், அவ்வளவுதான். பொருளற்ற துணைவினையாகச் ‘செய்’யைப் பயன்படுத்தும் பழக்கம் நம் நாவில் அன்றாடம் இருக்கிறது. ஆங்கிலம் அதைக் கேள்விக்கும் மறுப்புக்கும் நீட்டிவிட்டது.

ஒன்று மட்டும் கவனம். அழுத்தம் தேவையில்லாத இடத்தில் ‘ஐ டிட் கோ டு த மார்க்கெட்’ என்று சொன்னால், யாரோ உங்களைச் சந்தேகப்பட்டதுபோலக் கேட்கும். சாதாரணமாகச் சொல்ல ‘ஐ வென்ட்’ போதும்.

‘டூ’ எங்கே வரக்கூடாது?

‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ இருந்தால் வராது. ‘டூ யூ ஆர் டயர்ட்?’ என்று கிடையாது, ‘ஆர் யூ டயர்ட்?’தான். ‘கேன்’, ‘வில்’, ‘ஷுட்’, ‘மஸ்ட்’ போன்ற துணைவினைகள் இருந்தாலும் வராது. அவையே முன்னால் வந்து நின்றுவிடும்.

‘ஹூ’ எழுவாயாக இருக்கும் கேள்வியிலும் வராது. ‘யார் வந்தது?’ என்பது ‘ஹூ கேம்?’. ‘யாரைப் பார்த்தாய்?’ என்பது ‘ஹூ டிட் யூ சீ?’. தமிழில் ‘யார்’, ‘யாரை’ என்று வேற்றுமை உருபு வேறுபடும் இடத்தில்தான் ஆங்கிலத்தில் ‘டிட்’ தலைகாட்டுகிறது. ‘யாரை’, ‘எதை’, ‘எங்கே’, ‘எப்போது’ என்றால் ‘டூ’ வேண்டும்; எழுவாயே தெரியாமல் கேட்டால் வேண்டாம்.

‘ஹேவ்’ இரண்டுங்கெட்டான். ‘ஹேவ் யூ எ பென்?’ என்பது பழைய பிரிட்டிஷ் பாணி. இன்று உலகெங்கும் ‘டூ யூ ஹேவ் எ பென்?’ என்பதே இயல்பு. பழைய பாடநூலில் படித்தவர்கள் முதல் வடிவத்தைத் தவறு என்று நினைக்க வேண்டாம், பழசு என்று நினைத்தால் போதும்.

‘டிடிண்ட் யூ ஈட்?’ என்று கேட்டால் ‘யெஸ்’ சொல்வதா ‘நோ’ சொல்வதா?

‘சாப்பிடலையா?’ என்று அம்மா கேட்டால், சாப்பிடாதவர் ‘ஆமாம்மா, இன்னும் சாப்பிடல’ என்பார். கேட்டவர் நினைத்தது சரி என்பதற்கு அந்த ‘ஆமாம்’. ஆங்கிலம் கேட்டவரின் நினைப்பைப் பொருட்படுத்துவதில்லை. நடந்ததா, நடக்கவில்லையா என்பதை மட்டும் பார்க்கிறது. சாப்பிட்டிருந்தால் ‘யெஸ், ஐ டிட்’. சாப்பிடவில்லை என்றால் ‘நோ, ஐ டிடிண்ட்’. ‘யெஸ், ஐ டிடிண்ட்’ என்னும் சேர்க்கை ஆங்கிலத்தில் இல்லவே இல்லை.

இது பேச்சழகு பற்றிய சங்கதி என்று விட்டுவிட முடியாது. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் செவிலியர், ‘யூ டோன்ட் ஹேவ் எனி அலர்ஜிஸ்?’ என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை எதுவும் இல்லாதவர் தமிழ்ப் பழக்கத்தில் ‘யெஸ்’ என்றால், ஒவ்வாமை இருப்பதாக அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். விமான நிலையத்திலும் விசா நேர்காணலிலும் இதே குழப்பம் வரலாம். வெறும் ‘யெஸ்’, ‘நோ’வோடு நிறுத்தாமல் ‘ஐ டூ’ அல்லது ‘ஐ டோன்ட்’ என்று சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். அந்தத் துண்டு உங்களைக் காப்பாற்றும்.

‘டூ யூ ட்ரிங்க் காஃபி?’ என்று கேட்டால் ‘யெஸ், ஐ ட்ரிங்க்’ என்று சொல்லலாமா?

புரியும், ஆனால் ஆங்கிலமாக ஒலிக்காது. ‘குடிப்பீங்களா?’ என்றால் ‘குடிப்பேன்’ என்று வினையையே திருப்பிச் சொல்வது நம் வழக்கம். ஆங்கிலத்தில் ‘யெஸ், ஐ டூ’. எந்த வினைக்கும் பதிலாளாக ‘டூ’ நிற்கும். ‘என்னைவிட அவள் நன்றாகப் பாடுகிறாள்’ என்பதும் ‘ஷி சிங்ஸ் பெட்டர் தேன் ஐ டூ’ என்றே வரும்.

எல்லா வினைகளுக்கும் ஒரு வினையைப் பிரதிநிதியாக நிறுத்துவது நமக்கும் புதிதல்ல. தொல்காப்பியம் வினையெச்சங்களை ‘செய்து’, ‘செய்யூ’, ‘செய்பு’, ‘செய’ என்று வாய்பாடுகளாகத்தான் சொல்கிறது. ‘உண்டு’, ‘ஓடி’, ‘வந்து’ எல்லாம் ‘செய்து என்னும் வாய்பாடு’. எந்த வினைக்கும் நிற்கக்கூடிய பொதுவினை என்று தமிழ் இலக்கணிகள் தேர்ந்தெடுத்ததும் ‘செய்’யைத்தான்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய ஆங்கிலத்தில், ‘டோன்’. ஜெர்மனின் ‘டூன்’ அதன் உடன்பிறப்பு. இன்னும் பின்னே போனால் இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு வேர் கிடைக்கிறது. அதன் பொருள் ‘செய்தல்’ இல்லை, ‘வைத்தல்’, ‘இடுதல்’.

அந்த வேர் வடமொழியில் மூச்சொலியோடு ஒலிக்கும் ‘தா’ ஆயிற்று. தருதல் என்னும் நம் ‘தா’வோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த வடமொழி வேரின் பிள்ளைகள் பல தமிழில் குடியேறி நெடுங்காலமாகின்றன. கீழே வைக்கப்பட்டது, சேர்த்து வைக்கப்பட்டது ‘நிதி’. வகுத்து வைக்கப்பட்டது ‘விதி’. ‘தாது’, ‘சமாதி’ ஆகியவையும் அதே வேர்தான். கிரேக்கத்திலிருந்து வந்த ‘தீசிஸ்’, லத்தீன் வழி வந்த ‘ஃபேக்ட்’, ‘ஃபேக்டரி’ ஆகியவையும் இந்தக் குடும்பம்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘டூம்’ என்னும் சொல்லின் கதை. இன்று அதற்குக் கேடு, அழிவு, தலையெழுத்து என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் அது சட்டம், தீர்ப்பு. 1086இல் இங்கிலாந்தின் மன்னர் முதலாம் வில்லியமுக்காக எடுக்கப்பட்ட நிலக் கணக்குக்கு ‘டூம்ஸ்டே புக்’ என்று பெயர் வந்தது, அதன் முடிவுக்கு மேல் முறையீடு கிடையாது என்பதால். ‘டூ’வும் ‘டூம்’மும் ஒரே வேர். தமிழில் ‘விதி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ‘விதிமுறை’யிலும் அதுதான், ‘எல்லாம் என் விதி’ என்பதிலும் அதுதான். வைக்கப்பட்டது சட்டமாகி, சட்டம் தலையெழுத்தான அதே பாதையில், அதே வேரிலிருந்து கிளைத்த இரண்டு சொற்கள் ஒன்றையொன்று அறியாமல் நடந்திருக்கின்றன.

‘வைத்தல்’ என்னும் பழைய பொருள் ஆங்கிலத்தில் ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொப்பியையோ உடையையோ அணிவதற்கு ‘டான்’, கழற்றுவதற்கு ‘டாஃப்’. ‘டூ ஆன்’, ‘டூ ஆஃப்’ என்பவை சுருங்கியவை அவை. மேலே வை, எடுத்து வை என்பதுதான்.

‘கோ’ எழுதுவது போலத்தானே ‘டூ’வையும் எழுதுகிறார்கள்? உச்சரிப்பு மட்டும் ஏன் வேறு?

பழைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் உயிரொலி வேறு. ‘கோ’ அப்போது ‘கான்’, நீண்ட ‘ஆ’. ‘டூ’ அப்போது ‘டோன்’, நீண்ட ‘ஓ’. முதலில் ‘ஆ’ மெல்ல ‘ஓ’வின் பக்கம் நகர்ந்தது. ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் நடுவே நெட்டுயிர்கள் எல்லாம் வரிசையாக இடம் மாறியபோது, பழைய ‘ஓ’ ‘ஊ’ ஆகிவிட்டது. அன்றைய ‘மோனா’ இன்றைய ‘மூன்’ ஆனதும், ‘ஃபோடா’ ‘ஃபூட்’ ஆனதும் அப்படித்தான். எழுத்து அப்படியே நின்றுவிட, ஒலி மட்டும் நடந்துபோய்விட்டது. ‘டஸ்’, ‘டன்’ இரண்டிலும் உயிர் குறுகிவிட்டது.

துணைவினையாக இது எப்போது மாறியது?

‘நான் சொல்லவில்லை’ என்பதை ஆங்கிலம் காலந்தோறும் எப்படிச் சொன்னது என்று டேனிஷ் அறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1917இல் வரிசைப்படுத்திக் காட்டினார். பழைய ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் ஒரு சிறு ‘நெ’ மட்டும்: ‘இச் நெ செஜ்ஜெ’. அது வலுவிழந்தபோது பின்னால் ‘நாட்’ வந்து சேர்ந்தது. பிறகு ‘நெ’ உதிர்ந்து ‘ஐ சே நாட்’ ஆயிற்று. அதன்பின் ‘ஐ டூ நாட் சே’. கடைசியில் ‘ஐ டோன்ட் சே’. கேள்விக்கும் முற்காலத்தில் ‘டூ’ தேவைப்படவில்லை, வினையை எழுவாய்க்கு முன்னால் தூக்கி வைத்தால் போதும்.

1500க்கும் 1700க்கும் இடைப்பட்ட இருநூறு ஆண்டுகள்தான் ‘டூ’வின் காலம். சுவீடன் நாட்டு அறிஞர் ஆல்வார் எல்லெகோர்ட் ஏராளமான பழைய நூல்களிலிருந்து எடுத்துக்காட்டுகளை எண்ணி, 1953இல் இந்த வளர்ச்சியை வரைபடமாக்கினார். அதில் ஒரு விந்தை உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் அழுத்தம் எதுவும் இல்லாத சாதாரண வாக்கியத்திலும் ‘ஹி டிட் கோ’ என்று மக்கள் தாராளமாக எழுதினார்கள். பிறகு அது தேய்ந்துபோனது. கேள்வியிலும் மறுப்பிலும் மட்டும் வேரூன்றிவிட்டது. இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட், டார்செட் பகுதிகளின் வட்டார வழக்கில் அந்த அழுத்தமில்லாத ‘டூ’ பிழைத்திருக்கிறது.

பழைய ஆங்கில பைபிளில் ‘ஐ நோ நாட்’ என்றும் வருகிறது, ‘ஐ டிட் ஈட்’ என்றும் வருகிறது. எது சரி?

1611இல் வெளிவந்த ‘கிங் ஜேம்ஸ்’ மொழிபெயர்ப்பு மேலே சொன்ன மாற்றத்தின் நடுவே பிறந்தது. ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில், பாம்பு வஞ்சித்தது, ‘ஐ டிட் ஈட்’ என்கிறாள் ஏவாள். அவள் அழுத்திச் சொல்லவில்லை, வெறுமனே ‘புசித்தேன்’ என்கிறாள். அடுத்த அதிகாரத்திலேயே, உன் சகோதரன் எங்கே என்று கேட்கப்பட்ட காயீன் ‘ஐ நோ நாட்’, அதாவது ‘எனக்குத் தெரியாது’ என்கிறான். ‘நோ’, ‘டவுட்’, ‘கேர்’ போன்ற சில வினைகள் மற்றவற்றைவிட நெடுநாள் ‘டூ’வை அண்டவிடாமல் இருந்தன. அந்தக் காலத்துக்கு இரண்டும் சரி. நாம் இன்று எழுதும்போது இரண்டும் வேண்டாம்.

மற்ற ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இல்லாத இந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்கு எப்படி வந்தது?

அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வெல்ஷ், கார்னிஷ் போன்ற கெல்ட்டிய மொழிகளில் ‘செய்’ என்னும் வினையை இப்படித் துணையாகச் சேர்க்கும் வழக்கம் உண்டு, பக்கத்தில் வாழ்ந்தவர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்பது ஒரு கருத்து.

இன்னொரு கருத்தைத் தமிழர் எளிதில் பிடித்துக்கொள்ளலாம். இடைக்கால ஆங்கிலத்தில் ‘டூ’ பிறவினையாகவும் வந்தது. ‘வரச் செய்தான்’, ‘கட்டச் செய்தான்’ என்பதில் உள்ள அதே ‘செய்’. ‘அரசன் கோயில் கட்டச் செய்தான்’ என்றாலும் ‘அரசன் கோயில் கட்டினான்’ என்றாலும் கேட்பவர் ஒன்றையே புரிந்துகொள்வார். தஞ்சைப் பெரிய கோயிலை இராசராசன் கட்டினான் என்கிறோம். அவனே கல் சுமந்தான் என்று யாரும் எண்ணுவதில்லை. இப்படி இரண்டும் ஒரே பொருள் தரும் இடங்களில் ‘டிட் பில்ட்’ என்பதும் ‘பில்ட்’ என்பதும் வேறுபாடின்றிப் போக, ‘டிட்’ தன் பொருளை இழந்து வெறும் துணையாயிற்று என்பது எல்லெகோர்ட்டின் விளக்கம். எனக்கு இதுவே கூடுதல் நம்பகமாகத் தோன்றுகிறது.

‘டூ’வுக்கும் ‘மேக்’குக்கும் என்ன வேறுபாடு?

செயல் முக்கியமென்றால் ‘டூ’, முடிவில் ஒரு பொருள் உருவாகுமென்றால் ‘மேக்’. வீட்டுப்பாடத்துக்கு ‘டூ’, தோசைக்கு ‘மேக்’. இந்த விதி பாதித் தூரம்தான் வரும். ‘மேக் எ மிஸ்டேக்’, ‘டூ எ ஃபேவர்’ போன்றவற்றைச் சொற்றொடராகவே மனத்தில் இருத்த வேண்டும்.

‘டூ த நீட்ஃபுல்’ என்று எழுதினால் சிரிக்கிறார்களே?

சிரிக்க வேண்டியதில்லை. முன்பு பிரிட்டனிலேயே வழங்கிய தொடர்தான். அங்கே பெரிதும் வழக்கொழிந்துவிட்டது, இந்திய அலுவலகங்களில் வாழ்கிறது. நம் மனுக்களில் எழுதும் ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பதற்கு அச்சாகப் பொருந்துவதால் தமிழ்நாட்டு எழுத்தர்களுக்கு அது மிக இயல்பாகக் கைவருகிறது. இந்திய அலுவலகத்துக்கு எழுதும்போது தயங்காமல் எழுதுங்கள். வெளிநாட்டுக்கு எழுதும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. ‘கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்’ என்பது ‘ஆவன செய்க’ என்பதைவிட எந்த மொழியிலும் விரைவாக வேலையை முடிக்கும்.

‘தட் வில் டூ’ என்றால்?

‘போதும்’. பரிமாறுபவரிடம் சொன்னால் ‘போதுங்க’. சத்தம் போடும் பிள்ளைகளிடம் அதட்டிச் சொன்னாலும் ‘போதும், நிறுத்து’. ‘டூ வித்அவுட்’ என்றால் இல்லாமலே சமாளிப்பது. ‘ஹவ் டூ யூ டூ?’ என்பது முதன்முறை அறிமுகமாகும்போது சொல்வது, இப்போது அருகிவிட்டது. அதற்கு உடல்நலத்தை விவரிக்க வேண்டாம், அதையே திருப்பிச் சொல்வதுதான் மரபு.

தமிழில் ‘கால் பண்ணு’, ‘டவுன்லோட் பண்ணு’ என்பதும் இதே வகையா?

நெருங்கிய உறவு. ஆங்கில வினையை நேராகத் தமிழ் விகுதி சேர்த்து ‘கால்கிறேன்’ என்று நாம் சொல்வதில்லை. ‘கால் பண்றேன்’ என்கிறோம். ‘கால்’ பொருளைத் தருகிறது, ‘பண்றேன்’ காலத்தையும் ஆளையும் தருகிறது. அதே பங்கீடு. வேற்றுமை என்னவென்றால், ஆங்கிலம் தன் சொந்த வினைகளுக்கே கேள்வியிலும் மறுப்பிலும் இந்தத் துணையைத் தேடுகிறது. நாம் இந்தப் ‘பண்ணு’வைப் பெரும்பாலும் பெயர்ச்சொல்லோடும் வெளியிலிருந்து வந்த சொல்லோடும் சேர்க்கிறோம். ‘கல்யாணம் பண்ணு’, ‘தொந்தரவு பண்ணு’ என்று வடமொழி, தெலுங்குச் சொற்களுக்குப் பழகிய வாய்தான் ‘ஃபார்வர்ட் பண்ணு’ என்கிறது. ஆங்கிலத்துக்காகப் புதிதாக உண்டாக்கிய வழி இல்லை அது.